பார்க்கத்தக்க இடங்கள், வேலாங்காட்டுப்புதூர்

கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தது.
பேரூராட்சி எல்லைக்குள் பார்க்கத்தக்க இடங்கள்,
பேருந்து நிலையத்திலிருந்து தூரம்,
ஏற்ற பருவம், ஏற்ற நேரம்,
வெளிமாநிலப் பயணிகள் எத்தனை, கழிப்பறை உண்டா.
திங்கட்கிழமைக்குள்.

செயல் அலுவலர் அதை என் மேசையில் வைத்துவிட்டு
தாராபுரம் பஸ் ஏறிப் போய்விட்டார்.
"நம்மூர்ல பாக்கறதுக்கு என்னுங்க இருக்குது,
வரி பாக்கியத் தவிர?" என்றார்
பில் கலெக்டர் ராக்கியண்ணன்.

சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்தேன்.

முதலில் வாய்க்கால் மதகு.
ஆறடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும்.
பையன்கள் வைத்த பெயர் சின்னக் குற்றாலம்.
நான் போனபோது விழவில்லை;
எங்கள் மண்டலத்துக்கு முறை வர இன்னும் ஏழு மாதம்.
காய்ந்த சிமெண்டுப் படியில் ஒரு சோப்பு டப்பா,
ஒற்றைச் செருப்பு,
என்னை விசாரிப்பதுபோல் தலையாட்டிய ஓணான்.
ஏற்ற பருவம்:
தண்ணீர் விடும்போது.

அடுத்து கொறங்காடு.
இதை எப்படி ஓர் இடம் என்று எழுதுவது?
கிளுவை வேலிக்குள் நாற்பது ஏக்கர் கொழுக்கட்டைப்புல்,
அங்கொன்று இங்கொன்றாய் வெள்வேல மரம்,
கிடைத்த நிழலுக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு
முதுகை வெயிலுக்குக் கொடுத்து நிற்கும் செம்மறிகள்.
பொதுமக்களுக்கு அனுமதி உண்டா என்று கேட்கிறது படிவம்.
படலைத் தூக்கி நகர்த்தி உள்ளே போனால்
திரும்பச் சாத்திவிட வேண்டும்,
அவ்வளவுதான்.
மயில்களைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.
பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் ஒருவர்
அவற்றை வம்சத்தோடு திட்டித்
தகரம் தட்டிக்கொண்டிருந்தார்.
சேர்க்கவில்லை.

வரும் வழியெல்லாம் தேங்காய்க் களங்கள்.
வெயிலுக்கு வாய் திறந்த வெள்ளைக் கிண்ணங்கள் ஆயிரமாயிரம்.
மணத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஞாயிறு நாலு மணிக்குக் கரட்டுக்குப் போனேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு படி, உச்சியில் ஒரு வேல்.
வாக்கப்பட்டு வந்து பதினெட்டு வருஷத்தில்
வேண்டுதல் எதுவும் இல்லாமல் ஏறியது
இதுதான் முதல் தடவை.

மேலே எனக்கு முன்னால் ஒன்பது பெண்கள்.
ஸ்பின்னிங் மில்லில் வேலை, ஒடிசாவாம்.
கொறித்த கடலைத் தொலியைக் காற்று
அவர்கள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டது.
ஒருத்தி, ஜுனு என்று பெயர்,
போனில் அம்மாவுக்கு எங்கள் ஊரைக் காட்டிக்கொண்டிருந்தாள்.
தெற்கே காற்றாலை, மேற்கே காற்றாலை,
சுற்றாமல் நிற்கும் ஒன்றையும் விடவில்லை.
அம்மா என்னவோ கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.
"இவ்ளோ ஃபேன் இருக்கு,
அப்பறம் ஏன் வேர்க்குது சொல்றே, கேக்குது அக்கா."

பிறகு என்னைப் பார்த்து, "அக்கா எந்த மில்?"

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஏறி வருகிற ஆள்
வேறு யாராக இருக்க முடியும்?
மில் இல்லை, பேரூராட்சி என்றேன்.
"அது எங்கே இருக்கு? பாக்க நல்லா இருக்குமா?"
பழுப்புக் கட்டடத்தை விரலால் காட்டினேன்.
மரியாதைக்கு அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட் சாத்திவிடுவார்கள்.
ஐந்தரைக்கே எழுந்து
படிகளில் ஒருவர் பின் ஒருவராய் இறங்கினார்கள்,
துப்பட்டாக்கள் எல்லாம் ஒரே பக்கமாய்ப் பறக்க.

நான் இருந்தேன்.
ஆறரைக்கு மேல் காற்றாலைகள் கறுத்து மறைந்து
உச்சிகளில் மட்டும் சிவப்பு விளக்கு ஏறியது.
அடிவானம் முழுக்க, நூறோ இருநூறோ,
எல்லாம் ஒன்றாய் எரிந்து
எல்லாம் ஒன்றாய் அணைந்து
திரும்பவும் ஒன்றாய்.
யார் சொல்லி என்று தெரியவில்லை.
கீழே மில்லின் கூரை தெரிந்தது. அதற்கு ஜன்னல் கிடையாது.

திங்கள் காலை மிச்சக் கட்டங்களை நிரப்பினேன்.
இடம்: கரடு.
தூரம்: மூன்று கிலோமீட்டர்.
வெளிமாநிலப் பயணிகள்: வாரம் ஒன்பது பேர்,
ஆறு மணிக்குள் திரும்ப வேண்டியவர்கள்.
ஏற்ற நேரம்: ஆறரைக்கு மேல்.

இரண்டு கட்டத்தையும் அங்கே யாராவது
சேர்த்துப் படிப்பார்களா என்று
பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
பிறகு,
கழிப்பறை: இல்லை.